செய்முறையை மாதிரியுடன் அனுப்பவும்

தில்லைநாதனின் இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அவர் வீட்டில் சீனி இல்லாமல் போனது அன்றைக்குப் பதினொன்றரைக்கு. இடையில் இருந்த ஒன்றரை மணித்தியாலமும் பஸ்சுக்குக் காத்திருந்து கோப்பாய்க்கு வந்து சேர எடுத்த நேரம்.

அவருடைய மனைவி பத்மாசினி சொன்னால் சொன்னதுதான். சீனிப் போத்தல், பனங்கட்டிக் குட்டான், மகள் கனடாவிலிருந்து அனுப்பிய சொக்கிலேற் எல்லாம் இரும்பு அலுமாரிக்குள் போயின. அதைப் பூட்டிய திறப்பு அவளுடைய இடுப்பில் ஏறியது. தில்லைநாதன் முப்பத்துமூன்று வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். எத்தனையோ அதிகாரிகளைச் சமாளித்தவர். ஆனால் அந்த அதிகாரிகளில் ஒருவரும் அவருக்குச் சமைத்துப் போடவில்லை.

அன்றிலிருந்து மூன்று வேளையும் மரக்கறி. முருங்கையிலை வறை, வாழைப்பூ வறை, புடலங்காய்ப் பால்கறி. பத்மாசினியின் கைக்கு அந்த ஊரில் நிகர் இல்லை, அதை அவரும் மறுக்கமாட்டார். ஆனால் சாப்பிட்டு முடிந்து கை கழுவியதும் நாக்கு வேறொன்றைக் கேட்டது. அவர் இல்லையென்றார். அது திரும்பவும் கேட்டது. வெறுந்தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கப் பனங்கட்டி இல்லாமல், தாயில்லாப் பிள்ளையைப் போல முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் அவருக்கு ஞானம் பிறந்தது.

அவர்கள் வீடு இருந்த குறுகிய ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. அயல் வீட்டிலிருந்து கறி வந்த சட்டியை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பச்சைமிளகாயாவது கிடக்க வேண்டும். பக்கத்து வீட்டு மீனாம்பிகை ரீச்சர் மோதகத்தில் கெட்டிக்காரி. ஒழுங்கை முகப்பில் இருக்கும் செல்வநாயகியின் பயத்தம்பணியாரத்துக்காக உடுவிலில் இருந்துகூட ஆட்கள் வருவார்கள். இங்கிருந்து கத்தரிக்காய் போனால் அங்கிருந்து என்ன வரும்? தில்லைநாதன் கணக்குப் பார்த்தார். வாயில் தண்ணீர் ஊறியது.

"இஞ்சாரும், உம்மடை கத்தரிக்காய்ப் பால்கறியைப் போலை இந்த ஒழுங்கையிலை ஆரும் வைப்பினமோ?"

பத்மாசினி அகப்பையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா, காய்ச்சலோ?"

"இல்லை. கலியாணம் கட்டி முப்பத்தாறு வருசமாய்ச் சொல்லாமல் விட்டது என்ரை பிழை."

"சரி, என்ன வேணும்?"

"எனக்கொண்டும் வேண்டாம். உம்மடை கைப்பக்குவம் எங்கடை குசினியோடை நிக்கக் கூடாது. நான் செய்முறையை எழுதிறன். கறியிலையும் கொஞ்சம் வைச்சு அயலுக்குக் குடுப்பம். அவையும் தங்கடை செய்முறையைத் தருவினம்."

"ஆர் கொண்டு போறது?"

"நான்தான். நடந்தால் சீனி குறையும் எண்டு கிளினிக்கிலை தாதி மிஸ்ஸி சொன்னவ."

மிஸ்ஸி சொன்னவற்றில் அவர் காதில் ஏறிய வசனம் அது ஒன்றுதான். பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லும். உப்பு எவ்வளவு?"

"அளவாய்."

"அளவெண்டால் எத்தினை கரண்டி?"

"கரண்டியாலை ஆர் உப்புப் போடுறது? கையாலை."

"எத்தினை கை?"

"ஒரு கை. ஆனால் அது என்ரை கை. உங்கடை கையெண்டால் அரைவாசி."

"முதற்பால் எப்ப விடுறது?"

"மணம் வேலி தாண்டிப் போய், மீனாம்பிகை ரீச்சர் 'என்ன பத்மா கறி?' எண்டு கேட்டாப் பிறகு."

"இதை நான் எப்பிடி எழுதிறது?"

"நீங்கள்தானே கிளாக்கர்."

கிளாக்கர் எழுதினார். முற்றாத கத்தரிக்காய் ஐந்து நீளவாக்கில் வெட்டிப் பொரிக்கப்பட வேண்டும். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் என்பன வதக்கப்பட வேண்டும். மேற்படி கறி இறக்கப்பட்ட பின்னரே தேசிக்காய்ப்புளி, அதாவது எலுமிச்சஞ்சாறு, விடப்பட வேண்டும் என்பது வலியுறுத்தப்படுகிறது. எல்லாவற்றுக்கும் கீழே, தன் சொந்த விருப்பத்தில் ஒரு பந்தி சேர்த்தார். 'தங்கள் இல்லத்தில் தயாராகும் இனிப்புப் பண்டம் ஒன்றின் செய்முறையை மாதிரியுடன் அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' 'மாதிரியுடன்' என்ற சொல்லின் கீழ் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டார்.

செல்வநாயகி வாசல் படலையடியில் நின்று கடிதத்தை வாசித்தாள். "என்னண்ணை இது, மாதிரியுடன் எண்டு?"

"செய்து பாத்தால்தானே செய்முறை சரியோ பிழையோ எண்டு தெரியும், செல்வநாயகி."

"அதுவும் சரிதான்," என்று அந்த அப்பாவிப் பெண் சொன்னாள். மறுநாள் பின்னேரம் சட்டியைத் திருப்பித் தந்தபோது அதற்குள் ஆறு சுசியம் இருந்தன. கூடவே செய்முறை எழுதிய துண்டும் இருந்தது.

ஒழுங்கை முகப்பில் ஒரு மதகு. அதில் தில்லைநாதன் ஏறி உட்கார்ந்து மூடியைத் திறந்தார். பக்கத்தில் தன் ஓட்டோவுக்குள் யாகோப்பு காலை நீட்டிப் படுத்திருந்தான். அவனுக்கு ஒன்று கொடுப்போமா என்று ஒரு கணம் நினைத்தார். அடுத்த கணம் வேண்டாம் என்று நினைத்தார். ஆறும் முடிந்தன. சட்டியில் ஒட்டியிருந்த துகளை விரலால் வழித்து அந்த விரலையும் துப்புரவாக்கிக்கொண்டு, உலகத்தில் எல்லோரையும் மன்னித்தவராக வீட்டுக்கு நடந்தார்.

பத்மாசினி துண்டை வாசித்தாள். பிறகு சட்டிக்குள் பார்த்தாள்.

"செய்முறை வந்திருக்கு. சட்டிக்கை என்ன வந்தது?"

"ஒண்டும் வரேல்லையே."

"வெறும் சட்டியோ? செல்வநாயகி அக்காவோ தந்தவ?" பத்மாசினியின் முகம் கறுத்துவிட்டது. "அவவுக்கு எங்களோடை என்ன கோபம்? நான் இப்பவே போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

 இப்படி ஒரு சங்கடம் வரும் என்று தில்லைநாதன் நினைக்கவே இல்லை. சட்டி வெறுமையாய்த் திரும்பாது என்பதை நம்பித்தான் திட்டம் போட்டார். அது தன் வீட்டுக்கும் வெறுமையாய்த் திரும்பக் கூடாது என்பதை மறந்துபோனார்.

"நில்லும், நில்லும்! தந்தவ. முருங்கையிலை தந்தவ. படலையடியிலை வைச்சிட்டு மறந்துபோனன்."

ஓடிப்போய், வேலிக்கு மேலால் கையை எட்டி இரண்டு கெட்டுக் கிளை முறித்துக்கொண்டு வந்து நீட்டினார். பத்மாசினி ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் சாம்பல் ஒட்டியிருந்தது. அன்று காலை மயிர்க்கொட்டிப் புழுவுக்காகத் தன் வேலி முருங்கைக்கு அவள் தன் கையால் தூவிய சாம்பல்.

 இலையைக் கழுவி வறை வறுத்து அவருக்கே போட்டாள். அடுத்த நாள் "ஒருக்கால் போட்டு வாறன்" என்று செல்வநாயகி வீட்டுக்குப் போய் அரை மணித்தியாலம் கதைத்தாள். வரும் வழியில் மீனாம்பிகை ரீச்சரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தாள். மனுசன் மத்தியான நித்திரையில் இருந்தார்.

அடுத்த முறை புடலங்காய்ப் பால்கறி ரீச்சர் வீட்டுக்குப் போனது. பதிலுக்கு வந்தது மோதகம். பக்கத்து வீட்டிலிருந்து தன் வீட்டுக்குப் போக தில்லைநாதன் மதகைச் சுற்றிக்கொண்டு போனார். வெள்ளை வெளேரென்ற மோதகம், மூக்கு வைத்து வடிவாய்ப் பிடித்தது. முழுசாய் வாய்க்குள் போட்டுக் கடித்தார்.

உள்ளே பாகற்காய். அவித்து மசித்த வெறும் பாகற்காய்.

துப்பவும் முடியாது, யாகோப்பு பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. கூட வந்த துண்டை எடுத்து வாசித்தார். 'மோதகம். மாதிரி இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் அபிப்பிராயத்தை எழுத்தில் அறியத்தரவும். மீனாம்பிகை.'

இதைப் போய் யாரிடம் சொல்வது? பத்மாசினியிடம் சொன்னால், தின்றதைச் சொல்ல வேண்டும். ரீச்சரிடம் சொன்னால் வேலியால் அது பத்மாசினியிடம் போகும். 'மேற்படி மோதகம் திருப்திகரமானது' என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும்போது சட்டிக்குள் இரண்டு தேசிக்காய் போட்டிருந்தார்.

"ரீச்சர் என்ன தந்தவ?"

"தேசிக்காய்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"நல்ல மனுசி," என்றாள் பத்மாசினி.

செல்வநாயகி வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவள் சுசியத் தட்டோடு படலைக்கே வந்துவிட்டாள். "என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒண்டு சாப்பிடுங்கோ அண்ணை. அப்பதான் எனக்குத் திருப்தி."

கடித்தார். அதுவும் பாகற்காய். செல்வநாயகி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி?"

"அ... அருமை."

"அப்ப இன்னும் நாலு போட்டுத் தாறன்!"

மூன்று கிழமை இப்படிப் போனது. நிறுத்துவோம் என்று ஒருநாள் துணிந்தார். பத்மாசினி விடவில்லை. "நீங்கள் தொடங்கின நல்ல காரியம், இடையிலை விடக் கூடாது" என்று கறியை வார்த்துக் கையில் தந்துவிட்டாள். மதகில் இருந்து ஒரு மோதகத்தைக் காகத்துக்கு எறிந்து பார்த்தார். காகம் அதைப் பார்த்தது, அவரையும் பார்த்தது, பறந்து போய்விட்டது. மிச்சத்தை எறிய அவருக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுச் சாமானை எறிந்து வளர்ந்தவர் இல்லை அவர். நொந்து நொந்து தின்றார்.

மாதம் முடிந்து கிளினிக். மிஸ்ஸி இரத்தப் பரிசோதனைத் துண்டை இரண்டு தரம் பார்த்தாள். "ஐயா, இருநூற்றி நாப்பதிலை இருந்து நூற்றி முப்பத்தெட்டுக்கு வந்திட்டுது! என்ன செய்தனீங்கள்?"

தில்லைநாதன் வாயைத் திறக்க முன்னம் பத்மாசினி முந்திக்கொண்டாள். "மரக்கறியெண்டால் இவருக்கு உயிர், பிள்ளை."

பஸ்சில் வரும்போது அவள் அவருடைய கையை ஒருமுறை பிடித்துவிட்டாள். முகத்தில் ஒரு மாதம் காணாத சிரிப்பு. உள்ளூரப் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மனம் இளகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்:

"செல்வநாயகி அக்கா வீட்டிலை எங்கடை சட்டி நிக்குது. ஆறுதலாய்ப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. அவசரமில்லை."

போனார். சட்டி பாரமாய் இருந்தது. இந்த முறை சாப்பிடச் சொல்லிச் செல்வநாயகி நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்பு தில்லைநாதனுக்குப் பிடிக்கவில்லை.

மதகில் மூடியைத் திறந்தார். பயத்தம்பணியாரம். பத்து இருக்கும். மஞ்சள் மாவில் தோய்த்துப் பொன் நிறத்தில் பொரித்தது. வறுத்த பயறும் ஏலக்காயும் மணத்தது. நாக்கு எழும்பி உட்கார்ந்தது.

"இரு," என்று அதட்டினார். "மணத்தையும் போட்டு ஏமாத்தத் துணிஞ்சிட்டினம். தில்லைநாதன் இனியும் மாட்டான்."

அவருக்கு ஒரு குறும்புப் புத்தி வந்தது. "டேய் யாகோப்பு, இஞ்சை வா. பணியாரம் தின்னு."

யாகோப்பு ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தான். கண்ணை மூடினான். வருகுது, வருகுது என்று தில்லைநாதன் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை... உதை ஆர் செய்தது?"

"ஏன், கைக்குதோ?"

"கைக்கிறதோ? என்ரை கலியாண வீட்டிலைகூட உப்பிடி ஒண்டு நான் தின்னேல்லை!" இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதையும் எடுத்தான்.

தில்லைநாதன் மனதுக்குள் சிரித்தார். உவனையும் பிடித்துவிட்டார்கள். பெரிய ஆட்கள்தான், ஓட்டோக்காரனுக்குக்கூட நடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "அப்பிடியெண்டால் மிச்சத்தையும் வீட்டை கொண்டு போடா. உன்ரை மனுசி கத்தரீனாவுக்கும் குடு."

"உண்மையாவோ அண்ணை?"

"முழுக்கக் கொண்டு போ."

அவன் பிறகும் கேட்டு நிற்கவில்லை. பணியாரத்தை ஒரு பைக்குள் கொட்டிக்கொண்டு ஓட்டோவை இழுத்துக் கிளப்பிப் போய்விட்டான். தில்லைநாதன் வெற்றி வீரனாய், தன் வேலிக்கு மேலால் எட்டி இரண்டு தேசிக்காய் பிடுங்கிச் சட்டிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுப் படலையைத் திறந்தார்.

பத்மாசினி வாசலிலேயே காத்திருந்தாள். தேசிக்காயை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உது எங்கடை மரத்துக் காய் எண்டு எனக்குத் தெரியும். முதல் நாள் முருங்கையிலையும் எங்கடை வேலிதான். பாவக்காயும் நான் சொல்லித்தான் வைச்சவை. கோவியாதையுங்கோ."

"நீரோ?"

"வேறை என்ன செய்யிறது? சொன்னால் கேக்கிற ஆளே நீங்கள்? ஆனால் இந்த மாதம் முழுக்கக் கைப்பைத் திண்டு சீனியைக் குறைச்சுப் போட்டியள். எனக்கு மனம் கேக்கேல்லை. இண்டைக்கு ஒருநாள் எண்டாலும் மனுசன் நல்லதாய்த் தின்னட்டும் எண்டு செல்வநாயகி அக்காட்டைக் கெஞ்சி, கிளினிக்காலை வர ஆயத்தமாய் இருக்கத்தக்கதாய்ச் செய்விச்சனான். சக்கரை, நெய்யிலை வறுத்த தேங்காய்ப்பூ எல்லாம் போட்டு."

தில்லைநாதன் ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓட்டோவின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"எப்பிடி இருந்தது?"

என்ன சொல்வது? கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அந்த முகத்துச் சிரிப்பு போய்விடும். தான் எத்தனை பெரிய மடையன் என்பதும் தெரிந்துவிடும். 

"அருமை."

"ஏலக்காய் காணுமோ?"

"காணும்."

"பத்தையும் திண்டிட்டியளோ?"

"ஓம்... ஒண்டும் மிச்சம் இல்லை."

"அப்ப ஆசை தீர்ந்துபோச்சு," என்று திருப்தியோடு சொல்லிக்கொண்டு பத்மாசினி குசினிக்குள் போனாள். "தீபாவளிக்கும் கேக்கக் கூடாது, இனிப் பொங்கலுக்குத்தான்."

அன்றைக்கு ஆவணி மாதம் பன்னிரண்டாம் திகதி.