வண்டிக்குக் கண் பரிசோதனை

எங்கள் வீட்டில் கார் ஒன்று. லைசென்ஸ் இரண்டு. ஸ்டீயரிங் ஒன்று. இந்த ஏற்பாடு எந்தக் குடும்பத்தில் சுமுகமாக ஓடியிருக்கிறது?

எங்கள் வீட்டில் ஓடியது. காரணம், ஸ்டீயரிங்கை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. என் மனைவியும் நன்றாகத்தான் ஓட்டுவாள். ஆனால் என் ஓட்டுதலைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் அவளுக்கு அவளைப் பற்றிக் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களைச் சோதிப்பது என் தொழில். பார்வை விஷயத்தில் எனக்குப் பாடம் சொல்ல ஒருத்தன் இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்போடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சை ஆரம்பித்தேன்.

"இத்தனை வருஷத்துல நம்ம வண்டில ஒரு கீறல் உண்டா? நீயே சொல்லு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏதுங்க கீறல்? பார்த்தா ஒண்ணும் தெரியல."

"அதுக்குக் காரணம் யாரு?"

"நீங்கதான்."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு லேசாகப் போதை ஏறிவிட்டது.

"பந்தயம்! இனிமே யார் கையில வண்டி முதல்ல அடி வாங்குதோ, அவங்க வண்டி விஷயத்துல மத்தவங்க சொல்றபடி கேக்கணும். ஆயுசுக்கும்."

"ஆயுசுக்குமா?"

"ஆயுசுக்கும்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கிறதெல்லாம் பயந்தவங்க வேலை."

மடித்த சட்டையை என் மடியில் வைத்தாள். "சரி" என்றாள்.

அந்த வாரமே அவள் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடம். அங்கே மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு தூண். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அது அங்கேயேதான் நிற்கிறது. வண்டி எனக்கு முன்கூட்டியே கீ கீ என்று எச்சரிக்கை கொடுத்தது. நான் ரேடியோவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

டமால்.

இறங்கிப் பார்த்தேன். முன்பம்பரின் ஒரு மூலை பிளந்திருந்தது. அந்தப் பக்கத்து ஹெட்லைட் விரிசல் விட்டிருந்தது. சக்கரத்தின் மேல்தகடு அப்பளமாக நொறுங்கியிருந்தது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பந்தயம் ஞாபகம் வந்தது. ஆயுசுக்கும்! இனிமேல் அவள் ஓட்டுவாள். நான் பக்கத்து சீட்டில், மடியில் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்சியாக உட்கார்ந்திருப்பேன். அவள் திரும்பி வருவதற்குள் வண்டி பழையபடி ஆகவேண்டும். இல்லாவிட்டால் நான் தொலைந்தேன்.

விபத்து வண்டிகளைச் சரிசெய்யும் பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. பட்டறை என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் சுத்தியல் சத்தமும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே கால் வைத்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று தோன்றியது. தரை அவ்வளவு சுத்தம். தலைமை தாங்கியது ஒரு பெண்மணி. நீலக் கையுறை, நெற்றியில் தூக்கிவிட்ட பாதுகாப்புக் கண்ணாடி, யாரையும் ஒரு கணம் நிற்கவைக்கிற குரல். அங்கே எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குக் கூச்சப்படுகிற ஆளாகத் தெரியவில்லை.

"எப்படி அடிபட்டுது?"

"நின்னுட்டிருந்த வண்டிங்க. எவனோ வந்து இடிச்சுட்டுப் போயிட்டான், பாவி."

டாக்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகிக் கையிலிருந்த திரையைப் படித்தார்.

"நின்னுட்டிருந்த வண்டியா?"

"ஆமா."

"அடிபட்ட நேரத்துல நகர்ந்துட்டு இருந்தேன்னு சொல்லுதே."

"யாரு சொல்றது?"

"உங்க வண்டி."

வாராவாரம் என் கையால் குளிப்பாட்டிய வண்டி. முதல் விசாரணையிலேயே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சரிங்க, நான்தான் மெதுவா நகர்ந்துட்டிருந்தேன். அப்ப ஒரு தூணு..."

"தூணும் நகர்ந்துதா?"

"இல்லீங்க."

"தட்டி நிமிர்த்தி, மேல பெயிண்ட் அடிச்சு, சாயங்காலம் குடுத்துடுங்களேன்" என்றேன். "அண்ணன் கண்ணாடி வீட்ல சும்மாதான் கிடக்கு, அதையே போட்டுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி என்னைப் பார்த்தார் அவர். பம்பரைக் கழற்றச் சொன்னார்.

கழற்றினார்கள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் அதை வெறும் பிளாஸ்டிக் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு குட்டி உலகம் இருந்தது. அடியை வாங்கிக்கொள்ள ஒரு பஞ்சுக்கட்டை. அதன் பின்னே குறுக்குச் சட்டம். அதில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி.

"இது ரேடார். முன்னாடி போற வண்டி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்து, நீங்க மறந்தாலும் இது பிரேக் போடும். இது உட்கார்ற தகடு வளைஞ்சிருக்கு."

குனிந்து பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது. இங்க ஒரு நூல் அளவு திரும்பினா, அங்க தூரத்துல அடுத்த லேன்ல போற வண்டியைப் பார்த்துட்டு இருக்கும். உங்களுக்கு முன்னாடி போறவனை விட்டுடும்."

சிலிர்த்துப் போனேன். கண்ணாடியில் பவர் சரியாக இருந்து, வில்லை கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டில் காலை வைக்கிறவர் காற்றில் வைப்பார். இந்தப் பெண்மணி எவ்வளவு பெரிய காரியம் செய்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவில்லை. ஆனால் கடைக்குப் போகாமல் தினமும் அங்கேயே போய் நின்றேன்.

பக்கத்தில் ஒரு வண்டியின் எலும்புக்கூட்டை இரும்பு மேடையில் பூட்டியிருந்தார்கள். சங்கிலி அதை மெல்ல மெல்ல இழுத்தது. ஒளிக்கற்றை ஒன்று ஒவ்வொரு மூலையாக அளந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திரையில் சொன்னது. கோணிக்கிடந்த இரும்பு தான் பிறந்த வடிவத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் வண்டி வெள்ளை. "வெள்ளைதானே, ஏதாவது ஒரு வெள்ளை" என்று சொல்லி மறுபடியும் மாட்டிக்கொண்டேன். ஒரு கருவியைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினார் டாக்டர். அந்த வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி நீலம், சாம்பல், முத்துப்பொடி எல்லாம் இருப்பதாகத் தெரிந்தது. கலந்து ஓர் அட்டையில் அடித்து, வெயிலில் ஒருமுறை, விளக்கில் ஒருமுறை பார்த்தார்கள். திருப்தியில்லாமல் மறுபடி கலந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எங்கள் வீட்டார் இவ்வளவு பார்க்கவில்லை.

"புது நிறத்தைப் பக்கத்துக் கதவு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு விடணும். இல்லேன்னா ஓரம் தெரியும்" என்றபடி டிரைவர் பக்கத்துக் கதவில் பெயிண்டின் கனத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியை வைத்தார் டாக்டர். புருவத்தைச் சுருக்கினார்.

"இந்தக் கதவுக்கு ஏற்கெனவே வேலை பார்த்திருக்காங்களே."

"இருக்கவே முடியாதுங்க."

"கம்பெனி பெயிண்ட் மாதிரி ரெண்டு மடங்கு கனம் காட்டுது. யாரோ ஒடுக்கு எடுத்து அடிச்சிருக்காங்க. கண்ணால பார்த்தா யாராலயும் சொல்ல முடியாது. நல்ல கை."

அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவன் நான். நான் இடித்திருந்தால் எனக்குத் தெரியாதா? அப்படியானால்? ஆகா! துணி மடித்துக்கொண்டே என்னமாய் நடித்தாள்! பட்டறையின் நடுவில் நின்று நான் தனியாகச் சிரித்தேன். பெயிண்டர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கடைசி நாள் பார்த்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த தரையில் வண்டியை நிறுத்தினார்கள். டயரில் காற்றை அளந்தார்கள், சக்கரத்தை அளந்தார்கள். எதிரே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட ஒரு பலகையைக் கொண்டுவந்து, நூல் பிடித்து நிறுத்தினார்கள். எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். வண்டி அந்தப் பலகையை உற்றுப் பார்த்தது.

"இது என்னங்க?" என்றேன் ரகசியக் குரலில்.

"கேமராவுக்கும் ரேடாருக்கும் சோதனை. சரியாப் பார்க்குதான்னு."

கண் பரிசோதனை! நான் தினமும் செய்கிற வேலை! என் வண்டி எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தது. திரையில் பச்சை விழுந்தபோது நான் கையே தட்டிவிட்டேன்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார். "இந்தப் பக்கத்து ஹெட்லைட் புதுசு. அந்தப் பக்கம் பழசு. அதையும் பாலிஷ் போட்டுடலாமா?"

"அது அடிபடலையேங்க" என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்குப் பறந்தேன்.

மனைவி பெட்டியோடு வந்தாள். வண்டியின் முன்னால் ஒரு கணம் நின்றாள். "பளிச்னு இருக்கே" என்றாள். "கழுவினேன்" என்றேன். ஏறிக்கொண்டாள். அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஆனால் வீட்டுக்கு வந்து காப்பியைக் கையில் எடுத்ததும் அவள் சொன்னாள். "அந்தத் திருப்பத்துல இன்னும் கொஞ்சம் நிதானமா வந்திருக்கலாம்."

என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"யாரைப் பார்த்துச் சொல்ற? டிரைவர் பக்கத்துக் கதவுக்கு எப்ப பெயிண்ட் அடிச்சே?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கா தெரியாது? கண்ணுதானே என் தொழிலே!"

"கண்ணால பார்த்தா தெரியாதே. அதுக்குக் கருவி வெச்சுப் பார்க்கணுமே."

"கருவி வெச்சுத்தான் பார்த்தாங்க!"

"எங்க வெச்சு?"

"கதவுல வெச்சு."

"அது சரி. எந்தப் பட்டறைல வெச்சு?"

மாட்டிக்கொண்டேன். அவள் டம்ளரை மறுபடி எடுத்துக் காப்பியை உறிஞ்சினாள்.

"ஸ்டேஷன்லயே பார்த்துட்டேன். ஒரு லைட்டு கண்ணாடி மாதிரி இருக்கு, இன்னொண்ணு மங்கிப்போய் மஞ்சளா இருக்கு. ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் பார்க்கறீங்க, வண்டிக்கு ஒரு கண்ணு புதுசு ஒரு கண்ணு பழசுன்னு தெரியலையா?"

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சரி, நான் இடிச்சேன். ஒத்துக்கறேன். ஆனா கதவு அதுக்கு முன்னாடி! முதல்ல இடிச்சது நீ!"

"கதவை உரசினது நீங்க."

"நானா?"

"அதே தூணு. கதவுல முழுசா மஞ்சப் பெயிண்ட். நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே மாடி ஏறி வந்தீங்க. மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், பார்த்துட்டு வரேன்னு வண்டியை எடுத்துட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

"அத்தைக்கு நான் ஆரஞ்சுகூட வாங்கிக் குடுத்தேனே!"

"அம்மா நல்லாத்தான் இருந்தாங்க. காய்ச்சல் கதவுக்கு. ஆரஞ்சை நானும் பெயிண்டரும் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் என் பெருமையைக் காப்பாற்ற, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன்னந்தனியாக...

"என் மனசு நோகக்கூடாதுன்னுதானேம்மா?"

"அதுவும்தான்."

"அதுவும்னா?"

"சொல்லியிருந்தா சாவியை என்கிட்ட நீட்டிட்டு மூலையில உட்கார்ந்திருப்பீங்க. அப்புறம் காய்கறிக்கு யாரு ஓட்டறது? மழைல உங்க தங்கச்சியை யாரு கூட்டிட்டு வர்றது? நீங்க பிரமாதமா ஓட்டறதா நினைச்சுட்டு இருக்கிற வரைக்கும், நான் பையை எடுக்கறதுக்குள்ள கீழ போய் நிப்பீங்க."

பட்டறையில் ஒளிக்கற்றை பார்த்தேன், சங்கிலி பார்த்தேன், நிறம் பிரிக்கிற கருவி பார்த்தேன். அதையெல்லாம் பார்த்து வாய் பிளந்த எனக்கு, ஒரு கருவியும் இல்லாமல் என் வீட்டிலேயே நடந்திருக்கும் வேலை அப்போதுதான் தெரிந்தது. ஒடுக்கு விழுந்த ஒரு ஆளை நிமிர்த்தி, மெருகேற்றி, ஓரம் தெரியாமல் ஓடவிட்டிருக்கிறாள். அவளைக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. கும்பிடுவதற்குப் பதிலாகச் சாவியை மேஜைமேல் வைத்தேன்.

"தோத்துட்டேன். இந்தா. இனிமே நீதான்."

அவள் சாவியை என் பக்கம் தள்ளினாள்.

"பந்தயம் என்ன? வண்டி விஷயத்துல நான் சொல்றபடி கேக்கணும்."

"ஆமா."

"ஆயுசுக்கும்."

"ஆமா."

"அப்ப ஓட்டுங்க. காய் வாங்கணும்."

கீழே போனேன். மரியாதையாக அவளுக்கு முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், பின்கதவைத் திறந்து, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு, "ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள்.