வடக்குச் சுவரும் ஈஸ்டர் களியும்

ஹைனாலம்பி,
செப்டம்பர் 9

அன்புள்ள ஹில்யா அக்காவுக்கு,

தம்பி உர்போ எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது வழக்கம். அத்தான் விஷயத்தில் அந்த வழக்கத்தைச் சற்று ஒத்திவைக்கிறேன்.

அத்தான் பார்க்க வரும் வெள்ளிக்கிழமைக்குள் வடக்கு மரச்சுவருக்கு வண்ணம் பூசாவிட்டால் அப்பாவின் வீட்டை ஹெல்சின்கி பல் மருத்துவருக்கு விற்றுவிடுவதாக எழுதியிருந்தாய். அவர் இதை இடித்துவிட்டுக் கண்ணாடி வீடு கட்டுவார். நான் நகரத்து ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் அறையில் உட்கார்ந்து ஆம்புலன்ஸ்களை எண்ணுவேன். ஆகவே மூன்று வாரமாகச் சுரண்டினேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ரெய்னோ அத்தான் 'ஆயுசுக்கும் போதும்' என்று அடித்த பிளாஸ்டிக் பெயிண்ட் அது. மரத்தை மூச்சுவிட விடாது, அதன் மேல் மரவீட்டுக்கு வழக்கமாகப் பூசும் செங்காவியும் ஒட்டாது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு, சவுனாக் குளியலறைக் கொப்பரையில் தண்ணீரும் அன்னபேதியும் கொதிக்கவைத்து, ரை தானிய மாவைக் கரைத்து, காவிப்பொடி போட்டு, முறைப்படி காய்ச்சினேன். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் செய்முறையை மூன்று தடவை வாசித்தேன். மாவுப் பையை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. பாதிச் சுவர் முடிந்தபோது பக்கத்து வீட்டுக் கெர்த்து வேலியோரம் வந்து நின்றாள்.

"என்னங்க, சுவத்துக்குக் கஞ்சியா ஊத்துறீங்க? இப்படி ஓடுது?"

"மாவு போட்டுக் காய்ச்சினது. ஆறினா கெட்டியாகும்."

"ஈஸ்டர் களி வாசனைல்ல வருது. அந்தப் பையை இப்படிக் குடுங்க." வாங்கிப் பார்த்தாள். "இது முளைகட்டின மாவு. களிக்குத்தான் ஆகும், சுவத்துல பிடிக்காது. அன்னபேதி மட்டும் போடாம இருந்தா பாலை ஊத்திச் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். இனிமே உங்களுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது."

வாசனைக்கு முதலில் குளவிகள் வந்தன. அவற்றை விரட்ட மழை வந்தது. நான்கு நாள் விடாத மழை. பூசியதெல்லாம் செக்கச்செவேலென்று படி வழியாக இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. தபால்காரர் வாசலில் நின்று, "யாரையாச்சும் தீத்துக்கட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க. எங்க அத்தான் வெள்ளிக்கிழமதான் வர்றாரு" என்றேன்.

இன்று வானம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. சுவர் மொட்டையாக, ஈரமாக நிற்கிறது. ஈரத்தின் மேல் பூச முடியாது, காய்வதற்குள் உறைபனி வந்துவிடும். அக்கா, ஜூன் வரை தவணை கொடு. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. உள்மரம் நம் அப்பாவைப் போல, பார்க்க நன்றாக இல்லையே தவிர உறுதியானது. சுவரின் தோற்றத்தைக் கெடுத்தது அத்தானின் பெயிண்ட்தான் என்பதை அவர் காதில் ஒரு தடவையாவது போடு.

உன் முழங்கால் குளிருக்கு முன் சரியாகட்டும். உன் பூனைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உர்போ

பி.கு.: தபாலில் போடக் கிளம்பிக் கதவைச் சாத்தினேன். அந்த அதிர்வில் வடக்குச் சுவரில் மூன்று பலகைகள் விழுந்துவிட்டன. பின்னால் இருக்கும் மரத்தைக் கரண்டியால் அள்ளலாம், அள்ளிப் பார்த்தேன். இத்தனை வருடமும் வீட்டைப் பிடித்து நிறுத்தியது அத்தானின் பெயிண்ட்தான் என்று தெரிகிறது. அவரிடம் என் மன்னிப்பைச் சொல். பல் மருத்துவரிடமும் உள்ளதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடு; எப்படியும் இடிக்கத்தானே வாங்குகிறார். வெள்ளிக்கிழமை வரும்போது கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள். நான் உள்ளே இருப்பேன்.