செப்புப் பீலிக்கு ஏழரைச் சனி

தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அதுதான் நடந்த கோளாறு. களவு உறுதி, கள்ளனும் கையில். தண்டனைதான் வரவில்லை.

உவே கிராமர் என்பவர் மாதா கோயில் கூரையில் மழைத்தண்ணி ஓடும் செப்புப் பீலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஒப்புக்கொண்டும் விட்டார். திங்கட்கிழமை அவருக்குப் புது வேலை. உள்ளே போட்டால் அது போச்சு.

ஜேர்மனியில் சாதாரணக் குடிமக்கள் இருவரை நீதிபதியின் இரு பக்கமும் துணை நீதிபதிகளாக இருத்துவார்கள். மூவரில் இருவர் சொன்னதே முடிவு. அன்று இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துக் கணேசலிங்கமும் மன்னார் அன்ரனும். நீதிமன்றத்தில் பன்முகத்தன்மை போதாது என்று நகரசபை கவலைப்பட்ட வருடம் அது. சைவக் கோயில் நிர்வாகத் தேர்தலில் எங்கள் சனம் திரும்பத் திரும்பத் தோற்கடித்த கணேசலிங்கத்தை அரசாங்கம் மரியாதையாக எடுத்துக்கொண்டது.

விசாரணையில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பிறந்த நேரம்?”

கிராமர் சொன்னார். நீதிபதி அம்மையார் அதையும் பதியச் சொன்னார்.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

“ஆளுக்கு ஏழரைச் சனி,” என்றார் கணேசலிங்கம். “ஏற்கெனவே தண்டனை நடக்குது. ஒரு குற்றத்துக்கு ரெண்டு தண்டனை ஏலாது. உங்கட சட்டத்திலையே இருக்கு.”

“சனி ஜேர்மன்காரரையும் பிடிக்குமோ அண்ணை?” என்றார் அன்ரன்.

“அவருக்கென்ன விசாவோ வேணும்?”

“அவன் கை வைச்சது மாதா கோயில்ல. நரகம்தான், முடிவே இல்லை. மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்தானெண்டால் ஒண்டுமில்லை.”

அம்மையார் சம்பளத்தில் பிடிக்கும் தேவாலய வரிக்குப் பயந்து மதத்தை விட்டவர். ஆனால் போன கிழமைதான் பண்பாடுகளை மதிப்பது பற்றிய கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். ஒருவர் மனமும் புண்படக் கூடாது. ஒன்றுமில்லாததற்கும் முடிவில்லாததற்கும் சராசரி பார்த்தார். வரவில்லை.

“சிறையில் இருக்கும் காலத்தைச் சனி கழித்துக்கொள்வாரா?” என்று கேட்டார்.

கணேசலிங்கத்துக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

“அதுக்குத் தனி விண்ணப்பம் போடவேணும்,” என்றார்.

மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. கடைசியில் வெளியே வந்து, மனம் வருந்துகிறாரா என்று கேட்கக் கிராமரையே கூப்பிட்டார்கள்.

“வருந்துகிறேன்,” என்றார் அவர். “இப்படிக் களவுக்கு வழக்கமாக எட்டு மாதம். எழுதுங்கோ, ஆனால் உள்ளே போடாமல் நன்னடத்தைப் பிணையில் வெளியே விடுங்கோ. பீலியை நானே திரும்பப் பூட்டித் தாறன். திங்களிலிருந்து கூரை வேலைதான் செய்யப்போறன்.”

மூவரும் திரும்ப உள்ளே போனார்கள்.

“பிராயச்சித்தம்,” என்றார் அன்ரன்.

“உடம்பை முறிச்சு வேலை செய்தால் சனி குளிருவார்,” என்றார் கணேசலிங்கம்.

“சராசரி,” என்றார் அம்மையார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். மக்களின் பெயரால் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. சனி தன் மூலமாகத்தான் தீர்த்து வைத்தார் என்று கணேசலிங்கம் வீட்டில் சொன்னார். மாதாவின் வேலை என்று அன்ரன் பூசை முடிந்து நின்றவர்களிடம் சொன்னார். அடுத்த கருத்தரங்கில் அம்மையாரே பேச்சாளர்.

தீர்ப்பைத் திருத்தமாகச் சொல்லிக் கொடுத்தவர் பீலிக் கள்ளன் உவே கிராமர்.