காபி கொடுத்த வீட்டு ஓட்டு

அமெரிக்காவில் ஜனநாயகம் என்று ஒன்று நடக்கிறது என்பதை எனக்குத் தெரிய வைத்தவரும், அது வேண்டவே வேண்டாம் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட வைத்தவரும் ஒரே ஆள்தான். அவர் பெயர் கவுன்சிலர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கிறது. வாக்குச்சீட்டில் அதைப் பார்த்தபோது யாரோ என்று நினைத்து ஒரு நிமிடம் தேடினேன்.

இத்தனைக்கும் அவர் கவுன்சிலராக ஒரு நாள்கூட இருந்ததில்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஏதோ ஒரு பேரூராட்சியில் வார்டு தேர்தலில் நின்று தோற்றுவிட்டு, அந்தச் சூட்டோடு கம்ப்யூட்டர் படித்து நியூஜெர்சிக்கு வந்தவர். இருபது வருஷமாக ஒரு கம்பெனியின் டேட்டாபேஸைக் காவல் காக்கிறார். சிட்டிசன்ஷிப் கிடைத்தால் மற்றவர்கள் கேக் வெட்டுவார்கள். இவர் நேராகப் போய் வாக்காளர் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

எங்கள் ஊர் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கும் ஐசலின் கடைகளுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பெயர் வேண்டாம், வம்பு. பக்கத்துத் தெருக்காரர் என்பதால் சனிக்கிழமை காலையில் அவர் வருவார். டோர்பெல் கேமராவில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை தெரிந்ததும் நானும் என் கணவரும் டிவியை ம்யூட் பண்ணிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் அசர மாட்டார். கேமராவுக்குள் முகத்தை விட்டுப் பேசுவார்.

"அம்மிணி, கார் ரெண்டும் வெளியதான் நிக்குதுங்க."

கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் போன மாத டவுன்ஷிப் கூட்டத்தில் குப்பை வண்டி பற்றி அவர் பேசிய மூன்று நிமிடப் பேச்சை முக்கால் மணி நேரம் சொல்லுவார். நான் காபி போட்டுக் கொடுப்பேன். வாயை மூட வேறு வழி தெரியவில்லை. பின்னால் அந்தக் காபிதான் என் மானத்தை வாங்கியது.

இதெல்லாம் பொழுதுபோக்காகவே இருந்திருக்கும், என் மாமனார் சாக்கடையில் விழாமல் இருந்திருந்தால்.

மாமனார் ஆறு மாதத்துக்கு எங்களோடு இருக்க வந்திருந்தார். எங்கள் குடியிருப்பிலிருந்து இந்தியன் கடை அரை மைல் தூரம். நடுவில் ஒரு பெரிய ரோடு. அதில் கார் போக இடம் உண்டு, லாரி போக இடம் உண்டு, மனிதன் போக இடம் கிடையாது. நாங்களெல்லாம் டிரைவ் பண்ணுகிறவர்கள், எங்களுக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள்தான் ஸ்வெட்டரும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ரோட்டோரப் புல்லில் வரிசையாகப் போவார்கள். ஒரு நாள் லாரி ஒன்று ஒட்டி உரசிப் போக, மாமனார் ஒதுங்கி, ஓரத்து மழைநீர்ப் பள்ளத்தில் விழுந்தார். கையில் இருந்த கறிவேப்பிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி வீங்கிவிட்டது.

"எனக்கு ஒரு போன் பண்ணா வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்ல மாமா" என்று கத்தினேன்.

"கறிவேப்பிலை வாங்க உன்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமாம்மா?" என்றார்.

மாலைக்குள் கவுன்சிலர் வந்துவிட்டார். சோபாவில் காலை நீட்டியிருந்த மாமனாரின் முட்டியை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தார். "ஐயா, கொஞ்சம் வேட்டிய ஏத்துங்க" என்று நான்காவதாக ஒன்று எடுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அம்மிணி, இந்த முட்டிதானுங்க நம்ம தேர்தல் அறிக்கை. நவம்பர்ல நான் டவுன்ஷிப் கவுன்சிலுக்கு நிக்கறனுங்க. ரோட்டோரம் ஜனங்க நடக்கறதுக்கு ஒரு சைட்வாக் வாங்காம உடறதில்ல" என்றார். 'நம்ம' என்ற வார்த்தையை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் வாட்ஸாப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. என்னை மகளிர் அணித் தலைவியாக நியமித்திருந்தார். அணியில் என்னைத் தவிர யாரும் இல்லை. அவர் மனைவி, "எனக்கு வீட்டுல ஒரு கவுன்சிலரே போதுங்க" என்று ஒதுங்கிவிட்டார். காலேஜ் படிக்கும் மகள், "டாட், ப்ளீஸ்" என்பதைத் தவிர தேர்தல் வரை மூன்று மாதமும் வேறு எதுவும் பேசவில்லை.

முதல் சண்டை சின்னத்தில் வந்தது.

"ஒரு சின்னம் வேணுமுங்க அம்மிணி. ஜோடி செருப்பு வெச்சுக்கலாமா?"

"அண்ணா, இங்க சின்னமெல்லாம் கிடையாது. பேர் மட்டும்தான்."

"சின்னம் இல்லாம ஜனங்க எப்படிங்க நம்மளக் கண்டுபிடிப்பாங்க?"

"படிச்சு."

படித்து ஓட்டுப் போடுகிற ஊரில் என்ன அரசியல் செய்வது என்ற கவலை அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது, போர்டு. இந்த ஊரில் புல்வெளியில் நடும் போர்டில் வேட்பாளர் பெயரும் என்ன பதவி என்பதும் இருக்கும், அவ்வளவுதான். கவுன்சிலர் போர்டில் அவர் கைகூப்பி நின்றார். கீழே பத்துப் பன்னிரண்டு வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு முகம். ஆதரவாளர்களாம். என் முகம் ஏதோ ஒரு கல்யாண வரவேற்பில் எடுத்த படத்திலிருந்து வெட்டப்பட்டு, பக்கத்தில் நின்றவர் தோளோடு சேர்ந்து இருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. குலாப்ஜாமூன் சாப்பிட்ட நேரம். என் ஆபீஸ் மேனேஜர் இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறாள். மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப மெதுவான குரலில் கேட்டாள், இந்தப் படத்தில் இருப்பவர்களெல்லாம் காணாமல் போனவர்களா என்று.

போர்டை எடுக்கச் சொல்லிப் போனேன். "வட்டம் சின்னதாப் போச்சுன்னு வருத்தமுங்களா? அடுத்த தடவ பெருசாப் போட்டுறலாம்" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய கணக்கெடுப்புதான் தாங்க முடியாதது. வீடு வீடாகப் போகும்போது கையில் ஒரு நீள நோட்டு. வெளியே வந்ததும் பேருக்கு நேரே ஏதோ குறிப்பார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். 'த', 'கா', 'டி', 'சா' என்று எழுதியிருந்தது.

"இதென்னண்ணா?"

"தண்ணி குடுத்தா கால் ஓட்டுங்க. காபி குடுத்தா ஒரு ஓட்டு. டிபன்னா குடும்பத்தோட. சாப்ட்டுட்டுத்தான் போகோணும்னு கையப் புடிச்சு இழுத்தாங்கன்னா சொந்தக்காரங்களச் சேத்துப் போடுவாங்க."

"ஒண்ணுமே குடுக்கலைன்னா?"

"எதிர்க்கட்சிங்க."

அப்படிப் பார்த்தால் எங்கள் குடியிருப்பு முழுக்க அவர் கோட்டை. ஒரு சனிக்கிழமையில் ஒன்பது காபி, இரண்டு ரவா உப்புமா, ஒரு வெண்பொங்கல். எல்லா வீட்டிலும், "உங்களுக்கு இல்லாமயா அங்கிள், கண்டிப்பா" என்றார்கள். வாசல் வரை வந்து கையாட்டினார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரிட்டயரான வெள்ளைக்காரர்கள் இருக்கும் ஒரு தெரு. அங்கே கதவு ஒரு சாண்தான் திறக்கும். ஒரு பாட்டியம்மா வலைக்கதவைத் திறக்காமலே, சைட்வாக் எத்தனை அடி அகலம், பனியை யார் அள்ளுவார்கள், பிடித்து நடக்கும் வாக்கர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று மூன்று கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, தேங்க் யூ என்று கதவைச் சாத்திவிட்டார். கவுன்சிலர் வெயிலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்குல பாத்தீங்ளா அம்மிணி" என்று சொல்லி அந்தத் தெரு முழுவதையும் ஒரே கோடாக அடித்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலிருந்து நூறு அடிக்குள் பிரசாரம் கூடாது என்பது சட்டம். கவுன்சிலர் டேப் வைத்து அளந்து, நூற்றியோராவது அடியில் ஒரு மடக்கு மேஜையும் குடையும் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பேரும் வீட்டு நம்பரும் எழுதிய துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அதை வாங்கி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு போலீஸ்காரர் வந்து தானும் ஒரு தடவை அளந்து பார்த்தார். நூற்றியோரு அடி சரியாக இருந்தது. பிளாஸ்கிலிருந்து அவருக்கும் காபி கிடைத்தது. எனக்கு அன்று ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ். நானும் கணவரும் தபால் ஓட்டு வாங்கியிருந்ததால், சாயந்திரம் வந்து மேஜையை மடித்துக் கொடுத்ததோடு மகளிர் அணியின் வேலை முடிந்தது.

ஒன்பது ஓட்டில் தோற்றார்.

மறுநாள் காலை ஆபீஸ் போகும் வழியில் மூக்கைச் சிந்த டிஷ்யூ தேடி காரில் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே, கையெழுத்துப் போட்டு ஒட்டிய இரண்டு தபால் ஓட்டுக் கவர்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் கணவருடையது. போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடலாம் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் வைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் நிறுத்திய இடம் மாமனார் விழுந்த அதே ரோடு.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு ஓட்டு விழுந்திருந்தாலும் ஏழில் தோற்றிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வரை தாக்குப்பிடித்தது.

அன்று டோர்பெல் அடித்தது. கவுன்சிலர், கையில் ஒரு கத்தைக் காகிதம். இந்த நாட்டில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்பதுதான் ரகசியம். போட்டாயா இல்லையா என்பது ரகசியம் இல்லையாம், கேட்டால் பட்டியல் கொடுத்துவிடுவார்களாம். இது தெரிந்திருந்தால் நான் வீட்டை மாற்றிக்கொண்டு போயிருப்பேன்.

சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெருத் தெருவாகப் படித்தார். கோடு அடித்த அந்த ரிட்டயரானவர்கள் தெருவில் அநேகமாக எல்லோரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்தச் சாவடியில் கவுன்சிலருக்குத்தான் ஓட்டுக் கொட்டியிருந்தது. எங்கள் குடியிருப்புக்கு வந்தார். வெண்பொங்கல் வீடு, போடவில்லை. உப்புமா இரண்டும் போடவில்லை. கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாடு போட்ட வீட்டில் நான்கு ஓட்டு, ஒன்றுகூட விழவில்லை, அன்று அவர்கள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள், அவர் ஜெயிக்க வேண்டும் என்று அர்ச்சனை செய்ய.

அடுத்த வீட்டு எண் எங்களுடையது. மாமனார் வேறு எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கவுன்சிலரின் விரல் எங்கள் பேரில் வந்து நின்றது. இரண்டு பேருக்கும் நேரே கட்டம் காலியாக இருந்தது எனக்கே தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"மகளிர் அணி நல்லா வேலை செஞ்சுதுங்கய்யா" என்று மாமனாரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், "காபி இருக்குங்களா அம்மிணி?" என்றார்.

அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டுத்தான் பாலை வைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கணக்கு சரியாகியிருக்கும். அந்த மனுஷனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

காபியைக் குடித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தவராகச் சொன்னார்: "இப்பத்தானுங்க வெளங்குச்சு. காபி குடுக்கறவங்க அதோட கடமை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கறாங்க. ஒண்ணும் குடுக்காதவங்கதான் போயி ஓட்டுப் போட்டுட்டு வர்றாங்க. அடுத்த தடவ நோட்ட மாத்தோணும்."

நடைபாதை வந்துவிட்டது. ஜெயித்தவர் பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர், ஒன்பது ஓட்டு அவரை நன்றாகப் பயமுறுத்திவிட்டது. அடுத்த கோடையில் ஆட்கள் வந்து, கடை வரைக்கும் சிமெண்டு போட்டார்கள். அடுத்த முறை வந்த மாமனார் தினமும் இரண்டு தடவை கறிவேப்பிலை வாங்கினார். வீட்டில் கறிவேப்பிலையை வைக்க இடமில்லை. எதிரே அந்தப் பாட்டியம்மா நடக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள்.

இதில் வருத்தப்பட்ட ஒரே ஆள் கவுன்சிலர்தான். கையில் இருந்த பிரச்சினையைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நடைபாதையில் விளக்கு இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். பழைய உற்சாகம் வந்துவிட்டது. மறுபடி நிற்கிறார். மறுபடி வட்டம். இந்தத் தடவை என் முகம் பெரிதாகவே இருக்கிறது.

போன சனிக்கிழமை முன்கூட்டியே ஓட்டுப் போட முதல் நாள். சாவடி திறப்பதற்கு அரை மணி முன்னால் என் கணவரை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காபிக்குப் பால் வைத்த நேரத்தில் டோர்பெல் அடித்தது. கேமராவில் வெள்ளைச் சட்டை. டிவியை ம்யூட் பண்ணவில்லை, போய்க் கதவைத் திறந்தேன். ஒரு சாண் மட்டும். கையில் இருந்த தண்ணீர் டம்ளரை நீட்டினேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து டிகாக்ஷன் வாசனை வாசல் வரை வந்துகொண்டிருந்தது.

"காபி இல்லீங்களா அம்மிணி?"

"இல்லண்ணா. தண்ணி மட்டும்தான்."

நின்றபடியே முழு டம்ளரையும் குடித்தார். நோட்டைத் திறந்து என் பேருக்கு நேரே டிக் போட்டார், என் கணவர் பேருக்கும் ஒன்று. பேனாவை மூடும்போது அவர் கண் கலங்கியிருந்த மாதிரி எனக்குப் பட்டது. எனக்கும்தான். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய், அவருக்கும் சேர்த்து வைத்த பாலை இறக்கினேன்.