அக்காவுக்கு ஒரு காப்பி மெஷின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை. இங்கே அதில் முதல் பாதி சரியில்லாததால் இரண்டாம் பாதியை மட்டும் உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக அனுப்பியிருக்கிறேன், பங்கு போட்டுக்கொள்ளுங்கள். போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து காது போனவன் நான், எனக்கு மெதுவாகப் பேச வராது. நான் போனில் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து யோசனை சொல்கிறார். உன் அக்காவோ அடுத்த அறையில் படுத்திருக்கிறாள், அவளுக்குக் காது மட்டும் இன்னும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறது. அதனால்தான் கடிதம். விலாசம் மட்டும் வழக்கம்போல அவள் கையால். என் கையெழுத்தில் போட்டால் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்து என்னையே படிக்கச் சொல்கிறார். உறைக்குள் போட்டு ஒட்டுவதும் அவள்தான். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

"எந்த மெஷின்னு பார்த்துச் சொல்லுங்க அத்தான், நான் வாங்கி அனுப்புறேன்" என்று நீ பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாய். பார்த்துச் சொல்வதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்குப் போனில் வந்து சேர்ந்ததெல்லாம் உன் அக்கா வடிகட்டிக் கொடுத்தது. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு மெஷினாகப் படுத்துக்கிடக்கிறாள். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை, ஆகவே உள்ளே போவதையே குறை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன பாட்டில். மாத்திரை விழுங்க அதுதான், தாகத்துக்கும் அதுதான், காப்பிக்கும் அதுதான். எனக்கு ஒரு கப் போட்டால் தனக்கு இரண்டு கப் போட்டுக்கொண்டு, ஆறுகிறவரைக்கும் ஊர்க்கதை பேசிக் குடிக்கிறவளுக்கு ரெண்டே வாய் காப்பி! அந்த ரெண்டு வாயைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்தால் தீர்ந்துவிடுமே என்று அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படியிருக்க, போன மாதம் ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் உள்ள காப்பிக் கடைக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கோப்பையில் எஸ்பிரெஸோ என்று கொடுத்தார்கள். மொத்தமே ரெண்டு வாய்தான், ஆனால் ஒரு பானைக் காப்பியின் சத்து அதில் இறங்கியிருந்தது. உன் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்புறம் கவுண்டரில் இருந்த மெஷினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, வீட்ல இந்த மாதிரி ஒண்ணு இருந்தா நல்லதுங்க" என்றாள். மாப்பிள்ளை, கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டாள். வானத்தை வில்லாக வளைத்தாவது வாங்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அதன்பிறகு கடைக்குப் போனோம். கழுத்தில் டை கட்டிய ஒரு விற்பனைக்காரர் வந்து, "சார், இது பதினஞ்சு பார் பிரஷர், இது டபுள் பாய்லர், இது தானாவே அரைச்சுக்கும்" என்று அடுக்கினார். பாய்லர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. "சேஃப்டி வால்வ் எங்கே இருக்கு?" என்றேன். அவர் பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடினார். "டெஸ்ட் சர்டிபிகேட் காட்டுங்க" என்றேன். "சார், இது காப்பி மெஷின் சார்" என்றார். "பாய்லர்னா பாய்லர்தாங்க. அதுல காப்பி வருதா கப்பல் ஓடுதான்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு அம்மா தன் குழந்தையைச் சற்று நகர்த்திக்கொண்டார். இவ்வளவு முக்கியமான பேச்சு நடக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் அக்கா கேட்ட கேள்வியைக் கேள்: "தம்பி, இதுல பட்டன் எத்தனை?" அதோடு விட்டாளா, "கண்ணாடி போடாம பார்த்தா எந்தப் பட்டன்னு தெரியுமா?" என்று வேறு கேட்டாள். அவளுக்குத் தூரத்திலும் கிட்டத்திலும் கண் நன்றாகத்தான் தெரிகிறது, கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீடெல்லாம் தடவுகிறவன் நான். உடம்பு முடியாதவள் ஏதோ கேட்கிறாள் என்று விற்பனைக்காரரிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றை வீட்டில் வைத்துப் பழகிப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் ஒரு மெஷின் சும்மா கிடந்தது. தங்கமான மனிதர், மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்தார். ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், பதினைந்து பார் என்று போட்டிருந்தது. எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு, மாப்பிள்ளை. புதிதாக வந்த பாய்லரைப் பற்றவைக்கும் முன்பு உள்ளே பச்சைத்தண்ணீரை நிரப்பி, எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தத்தைத் தகட்டில் உள்ளதைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்த வேண்டும். ஒரு சொட்டுக் கசிவில்லை என்றால்தான் கையெழுத்து. ஓய்வு பெற்ற அன்று மற்றவர்களெல்லாம் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டபோது நான் அந்தக் கைப்பம்பைத்தான் கேட்டு வாங்கினேன் என்பது நினைவிருக்கும். சமையலறையில் மேஜையைப் போட்டு, மெஷினின் மூக்கை மரக்கட்டையால் அடைத்து, பம்பைப் பொருத்தினேன். உன் அக்கா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அது அடுத்தவங்க சாமானுங்க" என்றாள். "உயிர் முக்கியமா சாமான் முக்கியமா?" என்று கேட்டுவிட்டு அடித்தேன். பம்பில் இருந்த பிரஷர் முள் பதினைந்தைத் தாண்டியது, பதினெட்டைத் தாண்டியது, இருபதை எட்டியது. அப்புறம் என்ன ஆனது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டமார் என்றது. மரக்கட்டை பறந்துபோய் விளக்கை உடைத்தது, மெஷினின் வயிறு பிளந்து, அதிலிருந்த தண்ணீர் முழுக்க உன் அக்கா முகத்தில் அடித்தது. நான் பதறிப்போய் ஓடினேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது அவள் உதட்டை மெல்ல நக்கிக்கொண்டு, "ஏங்க, இது என் கணக்குல சேருமா?" என்றாள்.

தகட்டில் போட்டிருந்தது மெஷினுக்குள் இருக்கிற பம்பின் அழுத்தமாம், பாய்லர் அதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்துக்கென்று செய்ததாம். பிற்பாடு பல் டாக்டர் சொன்னார். அதைத் தகட்டில் எழுதியிருக்க வேண்டாமோ? மனிதர் கோபப்படவில்லை, ஆனால் அன்றிலிருந்து நான் படியேறும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். எனக்குக் கடைவாய்ப் பல் வேறு ஆடுகிறது, யாரிடம் காட்டுவது?

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாளில் அவளால் தலை தூக்க முடியாது. அப்படி ஒரு நாள், மெஷின் வரும்வரை நாமே ஒரு காப்பி போட்டுக் கொடுத்தால் என்ன என்று அடுப்பங்கரைக்குள் போனேன். நூற்பாலை பாய்லரை ஒரு பார்வை பார்த்துக் குறை சொன்னவன், பாலைப் பார்க்கத் தெரியாமல் நின்றேன். பொங்குமா பொங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் பொங்காமல், கண்ணாடியைத் தேடத் திரும்பிய நேரத்தில் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. மறுபடி வைத்தேன், அடிப்பிடித்தது. சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டேன். உப்பு அவளுக்கு விஷம் மாதிரி, நல்லவேளை, கொடுப்பதற்கு முன் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். மறுநாள் அவள் எழுந்து வந்து அந்தக் கருகிய பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நேத்து நீங்க காப்பி குடிச்சீங்களா இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். உடனே எனக்குப் போட்டுக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை. அவள் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றி வருகிறது, பக்கத்தில் பிரஷர் எண் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? "இந்த மீட்டரைக் கடைசியா எப்போ சரிபார்த்தீங்க?" என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். முதல் நாள் பதில் சொன்னார். இரண்டாம் நாள் சிரித்தார். மூன்றாம் நாளிலிருந்து, "சார், நீங்க வெளியில உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும்போது, மாப்பிள்ளை, உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனையோ பாய்லர் மேல் ஏறி நின்றிருக்கிறேன், அங்கெல்லாம் வராத பயம். அவள் வெளியே வரும்போது முகம் வெளுத்துச் சாம்பலாகிக் கிடக்கிறது. "போலாமா?" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொல்கிறாள். போன வாரம் டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். என்ன என்று கேட்டேன். "எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதாங்க" என்றாள். இந்த வைத்தியத்தில் வருஷக்கணக்காக நன்றாக இருக்கிறவர்கள் உண்டு என்று படித்தேன், அதனால் நான் தைரியமாகத்தான் இருக்கிறேன்.

ஆக, இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு முடிவைச் சொல்கிறேன், குறித்துக்கொள். கைப்பிடியை இழுத்து அழுத்துகிற மாதிரி, செம்பு பாய்லர் வைத்தது. அரைப்பதற்குத் தனி இயந்திரம். பால் சூடாக்க ஆவிக்குழாய் வேண்டாம், பால் போட்டால் அவள் கணக்கு ஏறிவிடும். சூடு, அழுத்தம், தூளின் அளவு எல்லாவற்றையும் தனித்தனியாகத் திருகி வைக்க வசதி வேண்டும், ஏனென்றால் ஒரு நாளைக்கு ரெண்டு வாய்தான் என்றாகிவிட்ட பிறகு அந்த ரெண்டு வாயில் ஒரு குறை இருக்கக் கூடாது. கடைக்காரரே, "வீட்டுக்கு யாரும் இதை வாங்குறதில்ல சார், கத்துக்கவே ஒரு வருஷம் ஆகும்" என்றார். ஆகட்டுமே! ஒரு வருஷம் கற்றுக்கொள்கிறேன், அதற்குப் பிறகு தினமும் காலையில் அவளை உட்காரவைத்து நான் போட்டுக் கொடுக்கிறேன். இத்தனை வருஷம் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடித்தவனுக்கு இதுகூடச் செய்ய முடியாதா? கூடிய சீக்கிரம் அனுப்பு.

உன் வீட்டில் சிறியவர்களுக்கு என் ஆசி, உன் மனைவிக்கு என் அன்பு, உன் மாமியாருக்கு அவர் ஏற்றுக்கொள்கிற அளவுக்கு என் மரியாதை. எல்லோரும் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.

தம்பி, அக்கா எழுதுறேன். விலாசம் எழுதக் கொடுத்துட்டு மாடிக்குப் போயிருக்கார், பல் டாக்டர் கதவைத் தட்ட. இவர் எழுதுற எல்லாக் கடிதத்தையும் படிச்சுட்டுத்தான் ஒட்டுவேன், அவருக்குத் தெரியாது.

அவர் சொன்ன மெஷினை அனுப்பாதே. எனக்கு அந்தச் சின்னக் கோப்பைக் காப்பி பிடிக்கவே இல்ல. கண்ணை மூடினது கசப்புத் தாங்காம. அந்தக் கடையில நான் பார்த்தது காப்பியை இல்ல தம்பி. அங்க ஒரு பொண்ணு, புதுசா வேலைக்கு வந்தவ போல, ஒண்ணும் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னா. ஒரு பட்டனை அமுக்கினா. காப்பி வந்துடுச்சு. அதைத்தான் பார்த்தேன்.

என் இருதயம் இனிமே ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவர்கிட்ட நான் சொல்லல. நீயும் வாயை விட்டுடாதே, நீ கிளம்பி மட்டும் வா. நான் போனதுக்கு அப்புறம் அவர் யார்கிட்டயும் போய் ஒரு கப் காப்பி குடுங்கன்னு கேக்க மாட்டார். அன்னிக்கு நான் படுத்தப்போ நாள் முழுக்க வெறும் வயித்தோட இருந்திருக்கார்.

பட்டன் ஒண்ணே ஒண்ணு இருக்கணும். பெரிசா இருக்கணும். கண்ணாடி இல்லாம தெரியணும். பாலையும் அதுவே சூடு பண்ணிக் கலந்துடணும், அவருக்குப் பால் இல்லாம இறங்காது. வரும்போது கையோட கொண்டு வந்துடு, நான் இருக்கும்போதே அவருக்குப் பழக்கி விட்டுடறேன்.

இன்னொண்ணு. முன்பக்கம் பிரஷர் முள் வெச்ச மாதிரி கிடைச்சா அதையே வாங்கு. வேலை செய்யலைன்னாலும் பரவாயில்ல. காப்பி குடிச்சுக்கிட்டே அதைப் பார்த்துட்டு உக்காந்திருப்பார்.