சுகந்தியின் போர்வையும் என் பொன்னாடையும்

ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். கனடாவின் மொன்றியலில் எங்கள் ஆட்கள் வைத்த பிறந்தநாள், சாமத்தியவீடு, நினைவஞ்சலி எதிலும் யாரும் என்னை மேடைக்கு அழைத்ததில்லை. நானாகவே ஏறிக்கொள்வேன்.

ஆகவே, என் மனைவி சுகந்தியும் அவளுடைய தோழிகளும் நகரின் வில்லரே பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் குவில்ட் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னதும், ஒழுங்கமைப்பாளர் பதவியை எடுத்துக்கொண்டேன். (குவில்ட் என்றால் துண்டுத் துணிகளைப் பொருத்தி, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.) மொத்தம் பதினொரு போர்வைகள். அவற்றில் சிறியது சுகந்தியுடையது. எங்கள் மகளின் சின்ன வயதுச் சட்டைகளை வெட்டி, இரண்டு குளிர்காலம் இருந்து தைத்தாள். மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்க இருந்தது. அந்தப் பிள்ளைக்குத்தான் அது.

பெண்கள் கயிறு கட்டினார்கள், போர்வைகளைத் தொங்கவிட்டார்கள், வடை சுட்டார்கள். நான் நிகழ்ச்சி நிரல் எழுதினேன். ("போர்வை பாக்கிறது எத்தினையாவது?" என்று சுகந்தி கேட்டாள். பதினான்காவது.) பிரதம விருந்தினர் மதாம் குளோடெத், அந்த வட்டாரத்தில் குவில்ட் தைப்பதில் பெயர்பெற்ற எழுபது வயதுப் பிரெஞ்சுக்கார அம்மா. பிரதம விருந்தினர் என்றால் பொன்னாடை வேண்டாமா? வாங்கினேன். போர்த்தும்போது சொல்ல பிரெஞ்சில் இரண்டு வசனமும் பாடமாக்கினேன்.

மதாமை மேடையில் நிறுத்திய பிறகுதான் பொன்னாடை காரின் பின்னிருக்கையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். மானஸ்தன் அல்லவா? கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துணி தொங்கியது. உருவினேன், போர்த்தினேன். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஆனால் வாய் தன் பாட்டில் பாடத்தை ஒப்பித்துவிட்டது: "மதாம், இது எங்கள் வழக்கம். போர்த்தியது இனி உங்களுடையது."

மதாம் அழுதுவிட்டார். ஊருக்கெல்லாம் போர்வை தைத்துக் கொடுத்தவருக்கு இதுவரை ஒருவரும் ஒன்று கொடுத்ததில்லையாம். சபை எழுந்து கைதட்டியது. வடை மேசையருகே நின்ற சுகந்தி மட்டும் தட்டவில்லை. மதாம் அதைப் போர்த்தியபடியே பனிக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்து போனார்.

"பிள்ளைக்கு வைச்சதையெல்லோ தூக்கிக் குடுத்துப்போட்டு நிக்கிறியள்! நாளைக்குப் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"குடுத்ததை எப்பிடியப்பா திருப்பிக் கேக்கிறது?"

"அது உங்கட சாமானோ குடுக்கிறதுக்கு?"

மறுநாள் பொன்னாடையோடு போனேன். இதைக் கொடுத்து அதை வாங்குவது என் திட்டம். வழுக்கும் வெளிப்படிக்கட்டில் மூன்றாம் மாடிவரை ஏறினேன். மதாம் கோப்பி தந்தார், கேக் தந்தார். என் பிரெஞ்சு தொழிற்சாலையில் கற்றது. பெட்டியைத் தூக்கு, மெசினை நிறுத்து என்பதற்கு மேல் போகாது. கதிரையில் கிடந்த போர்வையைக் காட்டினேன், பொன்னாடையை நீட்டினேன், இளித்தேன். அவர் என் இரு கன்னத்திலும் முத்தமிட்டு அதையும் வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு இறங்கினேன்.

"அதையும் குடுத்திட்டியளோ?" என்றாள் சுகந்தி. அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள், நன்றாகப் பிரெஞ்சு கதைப்பாள். கோட்டை மாட்டிக்கொண்டு தானே போனாள். அவள் திரும்பி வரும்வரை ஜன்னலருகே வெட்கத்தோடு நின்றேன். அன்றுபோல் நான் என்றும் வெட்கப்பட்டதில்லை.

போர்வையோடுதான் வந்தாள்.

"உண்மையைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சா. உடனை மடிச்சுத் தந்தா. பேந்து கதவடியில நிண்டு அழுதா. எனக்கும் அழுகை வந்திட்டுது. அவவுக்கு ஒண்டு தைச்சுத் தாறன் எண்டிட்டன்."

"நல்லது. துணி வாங்க வேணுமோ?"

"வேண்டாம். உங்கட மேடைச் சேட்டுகள் காணும்."

மேடைக்கென்று வைத்திருந்த பட்டுச் சட்டைகள் ஏழும் போயின. இப்போது மதாமின் கட்டிலில் போர்வையாகிக் கிடப்பவை அவைதான். கண்காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது, ஒலிவாங்கி மதாமின் கையில். ஒவ்வொரு போர்வையின் கீழும் மூன்று மொழிகளில் ஓர் அறிவிப்பு: 'பார்வைக்கு மட்டும். எவருக்கும் போர்த்தக் கூடாது.' போர்வைக்கு இப்படியும் ஒரு தடையா என்று வருபவர்கள் கேட்பார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நிற்கும் என் மகள், மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் என்னை விரலால் காட்டுவாள்.