நான்கு மூக்குகளின் வம்சாவளி

“இந்தச் சளி உங்க ஆய்வுக்கூடத்துல இருந்துதான் வந்திருக்கு,” என்றாள் மனைவி, இரண்டு தும்மலுக்கு நடுவில்.

ஆய்வாளர் பதறிப்போனார். வைரஸ் எப்படியெல்லாம் உருமாறுகிறது என்று கவனித்து, வரப்போகும் தடுப்பூசிக்கு வழி சொல்வது அவர் வேலை. அங்கிருந்து ஒரு வைரஸ் வெளியேறியது என்றால் கூடத்துக்குப் பூட்டு. மூன்று வருட உழைப்பு காற்றோடு போகும்.

“இல்லேன்னு நிரூபிக்கிறேன்!”

வீட்டிலிருந்த நான்கு மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டார். மாமியார் இருபது வருட மரியாதையை ஒரு நொடியில் கைவிட்டு, “எடுடா அதை!” என்றார்.

தன் கூடத்தில் பார்த்தால் நம்பமாட்டார்கள் என்று, வெளியிடத்தில் பரிசோதிக்கக் கொடுத்தார். முடிவு வந்தது. ஒவ்வொரு மூக்கைத் தாண்டும்போதும் வைரஸின் மரபணுத் தொடரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. தன்னுடையதை முதலில் வைத்து எண்ணினார். மனைவியிடம் ஒரு மாற்றம். மாமியாரிடம் இரண்டு. பஸ் கண்டக்டரான மைத்துனனிடம் மூன்று.

“அப்போ எல்லாருக்கும் மூலபுருஷர் நீங்கதான்,” என்றாள் மனைவி.

நேர்மையான மனிதர். உடனே இயக்குநருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பத்தே நிமிடத்தில் கூடத்துக்குப் பூட்டு விழுந்தது.

“சார், உள்ள இருக்கிற வைரஸோட ஒப்பிட்டுப் பார்த்தா, இது நம்மளுது இல்லேன்னு தெரிஞ்சிடும்.”

“தாராளமா பாருங்க. ஆனா கூடத்தைத் திறக்கணுமே? திறக்கணும்னா, அது நம்மளுது இல்லேன்னு நீங்க முதல்ல நிரூபிக்கணும்.”

போனை வைத்தார். மனைவி நின்றிருந்தாள்.

“அங்கேருந்து வரலைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?”

“பண்றேன்.”

“அப்போ வேற எங்க போயிட்டு வந்தீங்க? யாரைப் பார்த்தீங்க?”

அவருக்கு ஆய்வுக்கூடமே தேவலை என்று தோன்றியது. “சரிம்மா, அங்கேருந்தே வந்ததா இருக்கட்டும்,” என்று ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

வேலை முடிந்து வந்த மைத்துனன் மேஜையை எட்டிப் பார்த்தான். ஒரு தாளில் வரிசையாக நான்கு பேர், நடுவில் மூன்று அம்புக்குறி.

“என்ன அத்தான், என் கோடியிலேருந்து எண்ணினாலும் இதே மூணுதானே வருது? போன வாரம் பஸ்ல வாங்கிட்டு வந்து, முதல்ல அம்மா மேல தும்மினதே நான்தான்!”